பேரில்லாத நெல்மூடை: வன்னியின் அருவிவெட்டும் ஷாம்பேனின் திராட்சையும்

எங்களில் ஒருவருடைய மாமா பாரிசில் இருந்து லீவில் வந்தபோது ஒரு ஷாம்பேன் போத்தல் கொண்டு வந்தார். குடித்தது பெரியாக்கள். எங்களுக்கு மிஞ்சினது வெறும் போத்தல்தான். அதில் ஒட்டியிருந்த தாளை இணையத்தின் உதவியோடு வாசிக்கத் தொடங்கினோம். 'ஷாம்பேன்' என்பது குடிவகையின் பேர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அது ஒரு பிரதேசத்தின் பேர். தாளின் கீழே போத்தலை நிரப்பியவரின் ஊரும் இருந்தது. இன்னும் கீழே, கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள். திராட்சையை விளைவித்தவரே வைனாக்கி விற்கிறாரா, இல்லை வேறு ஆட்களிடம் திராட்சை வாங்கிச் செய்த பெரிய கம்பனியா என்று அந்த எழுத்துகள் சொல்லும்.

அதே குசினியில், அடுப்படி மூலையில் ஒரு அரிசி மூடை நின்றது. அதிலும் எழுத்து இருந்தது. ஆலையின் பேர், ஒரு தாமரைப் பூ, கிலோக் கணக்கு. இந்த அரிசி எந்த ஊர் வயலில் விளைந்தது? எந்தப் போகத்து நெல்? எழுதியிருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அங்கால வயல். அந்த நெல்லே லொறி ஏறி, வேறு மாகாணத்து ஆலைக்குப் போய், இந்த மூடைக்குள் திரும்பி வந்திருந்தாலும் எங்களுக்குத் தெரியப் போவதில்லை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு தாள்களில் இருந்து தொடங்குது. திராட்சையையும் நெல்லையும் ஒப்பிடுவது கொஞ்சம் பகிடியாய்த்தான் இருக்கும். ஆனால் அறுவடை என்று வந்தால் இரண்டு இடத்திலும் கேள்விகள் ஒன்றுதான். எப்ப வெட்டுறது? ஆர் வெட்டுறது? வெட்டினதுக்கு ஆர் விலை சொல்லுறது?

குளம் சொல்லும் நாள்

வன்னியின் வரைபடத்தை எடுத்து ஊர்ப் பேர்களை மட்டும் வாசித்துப் பாருங்கள். வவுனிக்குளம், பாவற்குளம், இரணைமடு, கற்சிலைமடு, முரசுமோட்டை, முத்தையன்கட்டு. குளம், மடு, மோட்டை, கட்டு எல்லாம் தண்ணி நிக்கிற இடத்தைக் குறிக்கிற அல்லது தண்ணியை மறிக்கிற வேலையைக் குறிக்கிற சொற்கள். ஆண்டு முழுக்க ஓடுகிற பெரிய ஆறு இல்லாத மண் இது. வடகீழ்ப் பருவமழை மூன்று மாதம் பெய்யும். அதைப் பிடித்து வைத்தால்தான் மிச்ச மாதங்களுக்குச் சோறு.

இது நேற்றுத் தொடங்கின கதையல்ல. நீர்ப்பாசனப் பொறியியலாளராய் இருந்த ஹென்றி பாக்கர், 1909ல் வெளியான தன் நூலில் வவுனிக்குளத்தை இலங்கையின் மிகப் பழைய பெருங்குளங்களில் ஒன்றாகச் சொல்கிறார். பிறகு நூற்றாண்டுக் கணக்கில் குளங்கள் உடைந்து, காடு மூடி, மலேரியா வந்து, ஊர்கள் சுருங்கின. வன்னிமைகள் யாழ்ப்பாண அரசருக்கும், பிறகு போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறை கட்டியும் கட்டாமலும் தாக்குப்பிடித்தன. பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததும், அதே ஆண்டு ஒக்ரோபர் 31ல் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டதும் எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஆங்கிலேயர் காலத்து வன்னியைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895ல் ஒரு கைநூல் எழுதினார். வன்னிக் கிராமங்களைப் பற்றித் தேடுகிற ஆட்கள் இன்றைக்கும் முதலில் புரட்டுகிற புத்தகம் அது.

இன்றைய கிளிநொச்சியை உண்டாக்கியது இரண்டு விசயம். ஒன்று ரயில். 1905ல் கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் வரையான வடக்குப் பாதை முழுதாய்த் திறந்தது. மற்றது இரணைமடு. கனகராயன் ஆற்றை மறித்து 1902ல் தொடங்கிய வேலை 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. பிறகு அணைக்கட்டு பல தடவை உயர்த்தப்பட்டது. குளத்தின் கீழே வாய்க்கால்கள் வெட்டப்பட்டு, யாழ்ப்பாணத்து நெருக்கமான ஊர்களில் இருந்து சனம் கொண்டுவந்து குடியேற்றப்பட்டது. 1935ன் காணி அபிவிருத்திச் சட்டம் அந்தக் குடியேற்றத்துக்குச் சட்ட வடிவம் குடுத்தது. வாய்க்காலின் இலக்கமே ஊரின் பேராய்ப் போன கதையை உருத்திரபுரத்துப் பெரியாக்களிடம் கேட்கலாம். பத்தாம் வாய்க்கால், எட்டாம் வாய்க்கால் என்றால்தான் அவைக்கு இடம் விளங்கும்.

இனி ஷாம்பேனுக்கு வருவோம். அங்கே திராட்சை பழுத்துவிட்டது என்று ஒருவர் தன் விருப்பத்துக்குப் போய்ப் பறிக்க ஏலாது. எந்த ஊரில், எந்தத் திராட்சை இனத்தை, எந்தத் தேதியில் இருந்து பறிக்கலாம் என்று ஒவ்வொரு ஆண்டும் அறிவிக்கிறார்கள். இந்த வழக்கத்தின் வேர் மத்திய காலத்தில் இருக்கிறது. அப்ப நாள் குறித்தது நிலப்பிரபு. இப்ப விளைவிப்பவர்களும் கம்பனிகளும் சேர்ந்திருக்கிற அமைப்பு ஊர் ஊராய்ப் பழத்தின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து பார்த்துத் தேதி சொல்லுது.

இதை வாசித்தபோது எங்களுக்கு உடனே ஞாபகம் வந்தது இரணைமடுவின் பயிர்ச்செய்கைக் கூட்டம். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் மாவட்டச் செயலகத்து ஆட்கள், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவை நிலையம், கமக்காரர் அமைப்புகள் எல்லாம் ஒரு மண்டபத்தில் இருந்து முடிவெடுக்கும். எத்தனை அடி தண்ணி இருக்கு, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் தேதியில் வாய்க்கால் திறப்பது, எந்தத் தேதிக்குப் பிறகு விதைக்கக் கூடாது, எந்த வயது நெல் போடவேணும். காலபோகத்தில் இரணைமடுவின் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் விதைப்பு நடக்கும். சிறுபோகத்தில் அந்தளவுக்குத் தண்ணி காணாது. அப்ப எந்தக் காணிக்கு, ஆருக்கு, எத்தனை ஏக்கர் பங்கு என்பதில்தான் சண்டையே. கூட்டத்தில் குரல் உயரும், கதிரை தள்ளுப்படும், கடைசியில் ஒரு கணக்குக்கு வருவினம்.

விதைக்கிற நாளை எல்லாருக்கும் பொதுவாய்க் குறித்தால் வெட்டுகிற நாளும் ஏறக்குறையக் குறிக்கப்பட்டு விடுகிறது. எல்லா வயலும் ஒன்றாய் முற்றினால் பூச்சியும் குருவியும் பன்றியும் யானையும் ஒரே வயலில் விழாது. கடைசி வயலுக்காக வாய்க்காலைத் திறந்து வைத்திருக்கவும் தேவையில்லை. அதாவது நாள் என்பது ஒரு பொதுச்சொத்து. ஷாம்பேன்காரர் இதைப் பெருமையாய் உலகத்துக்குச் சொல்கிறார்கள். நாங்கள் 'கூட்டத்துக்குப் போறம்' என்று சொல்லிவிட்டு வாறம்.

அருவியும் சூடும் பொலியும்

இப்ப பதினெட்டு, இருபது வயதில் இருக்கிற எங்களில் கனபேருக்கு அருவிவெட்டு என்றால் மெசின் சத்தம்தான் ஞாபகம். ஆனால் வீட்டில் பெரியாக்கள் கதைக்கிற சொற்களுக்குள் பழைய அறுவடை முழுதாய் இருக்கிறது. சிலது எங்களுக்கே மொழிபெயர்க்க வேண்டிய சொற்களாய்ப் போய்விட்டது. கேட்டு எழுதின ஒழுங்கில் சொல்லுறம்.

தை பிறக்க வயல் மஞ்சளாகும். விடிய முதல், பனி காய முதல், வரிசையாய் இறங்குவார்கள். இடக்கையால் கதிரைப் பிடித்து அரிவாளால் அறுத்துப் பிடி பிடியாய் வயலிலேயே பரப்பிவிடுவது உப்பட்டி. உப்பட்டி வெயிலில் காய வேணும். காய்ந்த பிறகு கூட்டிக் கட்டி, தலையில் சுமந்து, மேடான களத்துக்குக் கொண்டுபோய் அடுக்குவது சூடு. சூடு வைப்பது ஒரு தனிக் கெட்டித்தனம். கதிர் உள்ளுக்கும் தாள் வெளியாலும் இருக்கவேணும், மழை விழுந்தால் வழிந்து ஓடவேணும். சரியாய் வைத்த சூடு மாதக்கணக்கில் நிக்கும். இதைக் கொஞ்சம் நிண்டு யோசியுங்கோ. நெல்லை உடனே விற்கத் தேவையில்லாமல் வைத்திருக்கிற சேமிப்பு முறை அது. தாளோடேயே களஞ்சியம்.

பிறகு சூடு மிதிப்பு. களத்தைச் செதுக்கிச் சாணகத்தால் மெழுகி, நடுவில் கதிரைப் பரப்பி, மாடுகளை ஒன்றோடொன்று பிணைத்து வட்டமாய் நடத்துவது. பெரும்பாலும் இரவில், நிலவில். மாடு நடக்க நெல் கழன்று கீழே இறங்கும், வைக்கல் மேலே நிக்கும். வைக்கலை உதறி அள்ளி, மிச்சத்தைக் காற்றுக்குத் தூற்றினால் சப்பி பறந்து நெல் நிக்கும்.

களத்தில் நெல்லை நெல்லென்று சொல்லக் கூடாது. பொலி என்றுதான் சொல்லவேணும். பொலி என்றால் பெருகு என்று அர்த்தம். களத்துக்கென்று தனிச் சொற்கள், தனி மரியாதைகள் இருந்தன. பேர் சொல்லிக் கூப்பிட்டால் பூதம் கேட்டு அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. நாங்கள் பூதத்தை நம்பவில்லை. ஆனால் ஆண்டு முழுக்க உழைத்தது ஒரு இரவில் கைக்கு வரும்போது சத்தமாய்ச் சொல்லப் பயப்படுகிற மனதை நம்புறம். விளைச்சலைக் குறைத்துச் சொல்லுவது கமக்காரனின் பழைய குணம். திறை வாங்கினவனும் வரி வாங்கினவனும் களத்து வாசலில்தான் நின்றிருப்பான்.

அளந்தது புசலில். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. இன்றைக்கும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட கமக்காரர் ஏக்கருக்கு எத்தனை புசல் என்றுதான் கேட்பினம். அளந்ததில் முதல் பங்கு கோயிலுக்கு. வெட்டின ஆட்களுக்குக் கூலி நெல்லாய். ஊரில் தொழில் செய்கிறவர்களுக்கும் நெல்லாய். மிச்சம் கொம்பறைக்கு. தைப்பூசத்தில் புதிர். முல்லைத்தீவுப் பக்கம் வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளை அம்மன் பொங்கல் வரும்போது கொம்பறையில் நெல் இருக்கும். அறுவடை ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல, தையில் தொடங்கி வைகாசி வரை ஊரை இழுத்துக்கொண்டு போகிற ஒழுங்கு.

நெல்லின் பேரும் அப்ப ஒன்றல்ல. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், இலங்கலையன், சீனட்டி. எந்த நெல் கஞ்சிக்கு, எந்த நெல் மாவுக்கு, எது தண்ணி நிக்கிற பள்ளத்துக்கு, எது மேட்டுக்கு என்று வீட்டுக்கு வீடு தெரியும். 1950களின் கடைசியில் எச்-4 என்ற புது நெல் வந்தது. பிறகு பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தின் பி.ஜி. இனங்கள், அம்பலாந்தோட்டையின் ஏ.ரி. இனங்கள். விளைச்சல் கூடினது உண்மை. அதை மறைத்துவிட்டுப் பழசைப் புகழுவது பொய்யாய்ப் போகும். ஆனால் பேருக்குப் பதில் இலக்கம் வந்ததும் உண்மை.

ஆற்ற கை?

இந்த இடத்தில் நாங்கள் எங்களையே கொஞ்சம் நிறுத்த வேணும். நிலவு, மாடு, பொலிப்பாட்டு என்று எழுதும்போது எல்லாம் வடிவாய்த்தான் இருக்கும். கேள்வி, அரிவாள் பிடித்தது ஆற்ற கை?

வன்னியில் காணி இருந்த எல்லாரும் வயலில் இறங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு விதைப்புக்கும் வெட்டுக்கும் மட்டும் வந்து போன காணிக்காரர் இருந்தார்கள். வெட்டினதில் பெரும் பங்கு காணி இல்லாத ஆட்கள். அதிலும் 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்தும் தெற்கில் இருந்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த சனம். கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் போன்ற ஊர்களில் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். எங்கட கூட்டத்திலும் இருக்கிறார்கள். வந்தாரை வாழவைக்கும் வன்னி என்று மேடையில் சொல்லுறம். வந்தவர்கள்தான் வன்னியின் வயலை வெட்டினார்கள் என்றும் சேர்த்துச் சொல்லவேணும். அவர்களுக்கு வயல் காணி கிடைத்தது குறைவு, வாய்க்கால் தண்ணிக் கூட்டத்தில் கதிரை கிடைத்தது அதைவிடக் குறைவு. காணி இல்லாதவனுக்கு அந்தக் கூட்டத்தில் குரல் இல்லை.

பெண்கள் கதையும் அதுதான். நாற்று, களை, வெட்டு, தூற்றல் எல்லாத்திலும் பெண்கள். களத்துக்குள் தீட்டு என்று வெளியே நிற்பாட்டப்பட்டதும் அவர்கள். அனுமதிப்பத்திரக் காணியில், உரித்தாளி பேர் எழுதாமல் இறந்தால் 1935 சட்டம் ஆண் வாரிசுக்குத்தான் முன்னுரிமை குடுத்தது. 2022ல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இடையில் ஒரு யுத்தம் முடிந்து, ஆயிரக்கணக்கான வீடுகளில் பெண் ஒருத்தியே எல்லாமாய் இருந்து பதின்மூன்று ஆண்டு போய்விட்டது.

வெட்டாத வயல்

1914 செப்டெம்பர். ஜேர்மன் படை ஷாம்பேனின் ரைம்ஸ் நகரத்துக்குள் வந்து, மார்ன் சண்டைக்குப் பிறகு பின்வாங்கி, பக்கத்து மேடுகளில் இருந்து செல் அடித்தது. செப்டெம்பர் 19ல் நகரத்தின் பெரிய தேவாலயம் எரிந்தது. அந்த நாட்களில்தான் திராட்சை பழுத்தது. ஆம்பிளையள் போர்முனையில். பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும் செல் விழுகிற தோட்டங்களில் பறித்தார்கள். சனம் வைன் வைக்கிற சுண்ணக்கல் நிலவறைகளுக்குள் குடியிருந்தது. அந்த ஆண்டு வைன் பிறகு பேர் பெற்றது. 2015ல் யுனெஸ்கோ அந்தச் சரிவுகளையும் நிலவறைகளையும் உலக மரபுச் சின்னமாக்கினது. அங்கே போகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் போத்தலைக் காட்டுகிறார்கள்.

2009 ஜனவரி. கிளிநொச்சி நகரம் ஜனவரி 2ல் படையினரின் கைக்குப் போனது. முல்லைத்தீவு ஜனவரி 25ல். காலபோக நெல் முற்றுகிற மாதம் அது. இரணைமடுவின் கீழ் வயல்கள் மஞ்சளாய் நிக்க, சனம் உழவு இயந்திரப் பெட்டிகளில் பழைய நெல்மூடையும் பாத்திரமும் பிள்ளைகளும் ஏற்றிக்கொண்டு கிழக்கே போனது. வட்டக்கச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, பிறகு கடற்கரை. பெட்டியில் இருந்த மூடை இடத்துக்கு இடம் குறைந்தது. வெட்டாமல் விட்டுவந்த வயலைப் பற்றி எங்கட வீடுகளில் கதைப்பது குறைவு. இழந்த ஆட்களைப் பற்றிக் கதைக்கவே வாய் வராத வீட்டில் இழந்த நெல்லைப் பற்றி ஆர் கதைக்கிறது?

ஆனால் அந்த அறுவடை வேறு வடிவத்தில் எங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுறம். அரிசி, தண்ணி, உப்பு. நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்றாய் இருந்த மண்ணின் சனம், தன் வயலில் முற்றின கதிரை விட்டுவிட்டு வந்து, ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றது. அந்தக் கஞ்சியைக் குடிக்கும்போது வெட்டாமல் நின்ற அந்தக் காலபோகத்தையும் நினைக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றுது.

யுத்தம் அதற்கு முன்னாலேயும் வயலுக்குள் இருந்தது. 1990களில் பசளையும் எரிபொருளும் தடைப்பட்டியலில். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்பட்ட சனத்தில் பெரும் பகுதி வன்னிக்கு வந்தது. 1996ல் கிளிநொச்சி விழ, அந்த ஊர்ச் சனமும் இடம்பெயர்ந்து உள்ளுக்குப் போனது. அந்தத் தடைக்குள்ளும் வன்னி வயல் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டது. மீள்குடியேறின பிறகு வயலுக்குப் போக முதல் கண்ணிவெடி எடுக்கிறவர்கள் போகவேண்டி இருந்தது. சிவப்புத் தடி நட்ட வரம்பை எங்களில் சிலர் சின்ன வயதில் பார்த்திருக்கிறோம்.

மெசின் வந்த பிறகு

ஒரு ஏக்கரைக் கையால் வெட்டப் பத்துப் பதினைந்து பேர் ஒரு நாள் நிக்கவேணும். வெட்டுமெசின் வந்தால் ஒரு மணித்தியாலம், கூடினால் கொஞ்சம் மேலே. வெட்டி, அடித்து, தூற்றி, நெல்லாய்ப் பையில் கொட்டிவிட்டுப் போகும். யுத்தத்துக்குப் பிறகு கூலிக்கு ஆள் இல்லை, கூலி கட்டவும் ஏலாது. மெசின் வந்தது ஒருவரும் செய்த பிழை அல்ல. குனிந்து வெட்டின முதுகுகளைக் கேட்டால் மெசினுக்குப் பொங்கல் வைக்கச் சொல்லுவினம்.

ஆனால் மெசின் வெட்டின நெல் ஈரம். முந்தி உப்பட்டியாய்க் காய்ந்து, சூடாய் நின்று, ஆறுதலாய்க் களத்துக்கு வந்த நெல் இப்ப ஒரே மணித்தியாலத்தில் ஈரத்தோடு மூடைக்குள். இரண்டு நாள் அப்படியே வைத்தால் சூடேறிப் பழுதாகும். காயவைக்க இடம் வேணும், வெயில் வேணும், படங்கு வேணும். பரந்தன் பக்கம் தையில் போனால் வீதியோரத்தில் நெல் காய்வதைக் காணலாம், அதுக்கு மேலாலேயே வாகனம் போகும். நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்குவதென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்குள் இருக்கவேணும். 2025 பெப்ரவரியில் அரசு சொன்ன விலை நாட்டு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. விலை அறிவிக்க முதலே பல இடத்தில் வெட்டுத் தொடங்கிவிட்டது. மெசின் கூலி, பசளைக் கடன், நகை அடகு எல்லாம் வெட்டின கிழமையே காசு கேட்கும். அப்ப வரம்படியில் தராசோடு நிக்கிற வியாபாரி சொல்லுறதுதான் விலை. நெல் ஈரத்தோடேயே லொறி ஏறும். அதோடு ஊர்ப் பேரும் போய்விடும்.

சூடு என்ற ஒரு சொல் காணாமல் போனதில் என்ன நடந்தது என்று இப்ப விளங்குதா? பொறுத்து விற்கிற பலம் போனது.

ஷாம்பேனில் இன்றைக்கும் மெசினால் பறிக்கத் தடை. பழம் நசுங்காமல் முழுக் குலையாய் ஆலைக்குப் போகவேணும் என்பதுக்காக ஒவ்வொரு குலையும் கையால் வெட்டப்படுது. ஏறக்குறைய 34,000 ஹெக்ரேயர். ஒரு தரம் பிழிய 4,000 கிலோ பழம், அதில் இருந்து 2,550 லீற்றர் சாறுக்கு மேல் எடுக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு சும்மா வரவில்லை. வெளியூர்ப் பழத்தைக் கொண்டுவந்து கலந்து ஷாம்பேன் என்று விற்ற கம்பனிகளுக்கு எதிராக 1911ல் விளைவிப்பவர்கள் எழும்பி, ஆய் என்ற ஊரில் கட்டடங்களை எரித்தார்கள், ஆமி இறங்கினது. எது ஷாம்பேன், எது இல்லை என்ற எல்லைச் சண்டை 1927ல்தான் சட்டத்தால் தீர்ந்தது. 1935ல் பிரான்ஸ் முழுக்க ஊர்ப்பேரைப் பாதுகாக்கிற முறை வந்தது. போத்தலில் நாங்கள் வாசித்த அந்தப் பேருக்குப் பின்னால் கமக்காரரின் கலகம் இருக்கிறது.

அப்ப எங்களுக்கும் அதே வழிதானா? நெல்மூடையில் ஊர்ப்பேர் போட்டால் எல்லாம் சரிவருமா? இலங்கைக் கறுவாவுக்கு 2022ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊர்ப்பேர்ப் பாதுகாப்புக் கிடைத்தது, மொட்டைக்கறுப்பனுக்கும் கேட்கலாம்தானே?

கேட்கலாம். ஆனால் கதையின் மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும். 2023 செப்டெம்பரில் ஷாம்பேன் அறுவடை கடும் வெயிலில் நடந்தது. பறிக்க வந்த தொழிலாளர் சிலர் இறந்தார்கள். அதே அறுவடைக்குக் கொண்டுவரப்பட்ட, பெரும்பாலும் ஆபிரிக்க நாடுகளைச் சேர்ந்த 50க்கு மேற்பட்டவர்கள் மனிதர் இருக்க ஏலாத வீட்டில் அடைக்கப்பட்டிருந்தது பிடிபட்டது. 2025 ஜூலையில் நீதிமன்றம் அதை ஆட்கடத்தல் என்று தீர்த்து மூன்று பேருக்குத் தண்டனை குடுத்தது. உலகத்திலேயே மிகப் பேர்பெற்ற அறுவடைக்குள் நடந்தது இது. பேர் போத்தலைக் காப்பாற்றும். பறிக்கிற கையைத் தானாய்க் காப்பாற்றாது. அந்தக் கைக்கும் பேர் இருக்கவேணும் என்பது தனிச் சண்டை.

எங்களுக்கு இதில் இருந்து விளங்கினது இவ்வளவுதான். ஊர்ப்பேருக்கு முதல் எங்களுக்குத் தேவை சூட்டின் இடத்தை நிரப்புகிற ஒன்று. கமக்காரர் அமைப்பின் கையில் காயவைக்கிற தளம், களஞ்சியம், ஒரு மாதம் பொறுக்கக் கடன். பொறுக்க முடிந்தவன்தான் பேர் எழுதி விற்கலாம். அதோடு, கூட்டத்தில் கதிரை காணிக்காரனுக்கு மட்டும் என்றிருந்தால் அந்தப் பேரும் காணிக்காரனின் பேராய்த்தான் இருக்கும். 2021ல் ஒரு இரவில் இரசாயனப் பசளையைத் தடை செய்தபோதும், 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவு திறந்து வெள்ளம் வந்தபோதும், இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகிற திட்டத்தில் ஊருக்கு ஊர் கோபப்பட்டபோதும் வயலில் நிக்கிற ஆட்களை முதலில் கேட்காததுதான் பிரச்சினை.

எங்களால் உடனே செய்யக் கூடியது சின்னது. வாற தையில் வட்டக்கச்சி, முரசுமோட்டை, முள்ளியவளை, ஓமந்தைப் பக்கம் போய்ப் பெரியாக்களிடம் களத்துச் சொற்களைக் கேட்டுப் பதிய யோசித்திருக்கிறோம். பாரதிபுரத்தில் கூலிக்கு வெட்டின அம்மாமாரிடமும் கேட்போம், அவர்களுக்குத் தெரிந்த சொற்கள் காணிக்காரருக்குத் தெரிந்ததாய் இருக்காது. உங்கட வீட்டில் உப்பட்டி, சூடு, பொலி, கொம்பறை என்று கதைக்கிற ஆட்கள் இருந்தால் இண்டைக்கே பக்கத்தில் இருந்து கேளுங்கோ, போனில் பதியுங்கோ. வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் கட்டி வைக்கிற ஆட்கள் என்றால், மூடையில் ஒரு மார்க்கர் பேனையால் ஊரையும் நெல்லின் பேரையும் போகத்தையும் எழுதிவிடுங்கோ. ஆர் வெட்டினது என்பதையும்.